‘ஹாஃப் செவன்’ என்றால் எத்தனை மணி? எண்களை வைத்து விளையாடும் இங்கிலீஷ்!

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை. தமிழ்நாட்டிலிருந்து போய் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நர்ஸிடம், “நாளைக்கு ‘ஹாஃப் செவன்’ வந்துடுங்க” என்று வார்டு சிஸ்டர் சொல்லிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போக வேண்டும்? ஆறரைக்கா, ஏழரைக்கா? பள்ளியில் சொல்லிக்கொடுத்தது ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’. நடுவில் இருந்த ‘பாஸ்ட்’ எங்கே போனது?

விடை, ஏழரை மணி. பிரிட்டிஷ்காரர்கள் பேச்சு வழக்கில் ‘பாஸ்ட்’டை விழுங்கிவிடுவார்கள். ‘ஏழு, அரை’ என்று நாம் சேர்த்துச் சொல்கிற மாதிரியேதான். இதே அமைப்பில் ஜெர்மன் மொழியில் சொன்னால் அது ஆறரை மணி! ஏழை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு.

தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்க் குளிரில் நிற்க வேண்டும், அல்லது டியூட்டிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்க வேண்டும். இத்தனைக்கும் அந்த வாக்கியத்தில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. எல்லாம் எல்.கே.ஜி-யில் படித்த வார்த்தைகள். இங்கிலீஷில் எண்கள் செய்யும் வேலையே இதுதான். தெரிந்த எண்ணையும் தெரிந்த வார்த்தையையும் சேர்த்து, தெரியாத அர்த்தத்தைக் கொடுத்துவிடும். ஆபீஸ் மீட்டிங்கில், வீடியோ காலில், இன்டர்வியூவில் அடிக்கடி காதில் விழும் அப்படிப்பட்ட சொற்றொடர்கள் சிலவற்றை இந்த வாரம் பார்ப்போம்.

பயப்பட வேண்டியதில்லை. ‘நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க’ என்று அம்மா சொன்னால், அந்த நாலு பேர் யார் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் வித்தை தமிழர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது.

கடிகாரமும் காலண்டரும்

அமெரிக்கர்கள் சிலர் ‘எ குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்’ என்பார்கள். ஐந்தில் கால் பங்கு என்றோ ஐந்தேகால் என்றோ நினைத்துவிட வேண்டாம். அது நாலே முக்கால்.

‘ஃபோர்ட்நைட்’ என்பது ‘ஃபோர்ட்டீன் நைட்ஸ்’ என்பதன் சுருக்கம். அதாவது 14 இரவுகள், சரியாக இரண்டு வாரம். தமிழில் இதையே ‘பதினைஞ்சு நாள்’ என்போம். பேச்சில் ஒரு நாள் கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை. ஆனால், வேலையை முடித்துக்கொடுக்க வேண்டிய கெடு ‘இன் எ ஃபோர்ட்நைட்’ என்று மெயிலில் வந்தால், பதினைந்தாம் நாள் அனுப்புவது தாமதம்தான்.

‘பை-வீக்லி’ இன்னும் வம்பு. வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என இரண்டு அர்த்தங்களையும் அகராதிகளே கொடுக்கின்றன. மீட்டிங்கோ சம்பளமோ ‘பை-வீக்லி’ என்று யாராவது சொன்னால், எந்தெந்தத் தேதியில் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

‘அட் தி லெவன்த் ஹவர்’ என்றால் கடைசி நேரத்தில் என்று அர்த்தம். ‘அவர் லெவன்த் ஹவரில் மனசு மாறிட்டார்’ என்றால், மணி பதினொன்று ஆகியிருக்க வேண்டும் என்பதில்லை. இது பைபிளில் மத்தேயு 20-ம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கதையிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் பகலைச் சூரிய உதயத்திலிருந்து 12 மணியாகப் பிரித்தார்கள். அதன்படி பதினோராம் மணி என்பது இப்போதைய கணக்கில் ஏறக்குறைய சாயங்காலம் ஐந்து மணி. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வேலைக்கு வந்தவர்களுக்கும், காலையிலிருந்து உழைத்தவர்களுக்குக் கொடுத்த அதே கூலியைத் தோட்டக்காரர் கொடுத்தார் என்பது கதை. தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் ‘பதினோராம் மணி வேளை’ என்றால் உடனே புரிந்துவிடும்.

ரெண்டு மனசா இருக்கா?

‘ஐ ஆம் இன் டூ மைண்ட்ஸ்’ என்பதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒன்று இருக்கிறது: ‘எனக்கு ரெண்டு மனசா இருக்கு.’ போகலாமா வேண்டாமா, வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாத நிலை. அமெரிக்காவில் ‘ஆஃப் டூ மைண்ட்ஸ்’ என்பார்கள். ‘ஹாஃப்-ஹார்ட்டட்’ என்பதும் அப்படித்தான், நம்முடைய ‘அரை மனசு’.

‘செகண்ட் தாட்ஸ்’ விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர், “வீ ஆர் ஹேவிங் செகண்ட் தாட்ஸ்” என்று மெதுவான குரலில் சொன்னால், அவர் இரண்டாவதாக ஒரு யோசனை கொடுக்கப்போகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்படக் கூடாது. ஏற்கெனவே எடுத்த முடிவில் சந்தேகம் வந்துவிட்டது என்று நாகரிகமாகச் சொல்கிறார். அந்த இடத்தில் “கிரேட்!” என்று பதில் சொன்னால் எப்படி இருக்கும்? “உங்களுக்கு எதில் தயக்கம்?” என்று கேட்பதுதான் வேலையைக் காப்பாற்றும்.

இன்னொரு பொறி, ‘செகண்ட் டு நன்’. காதில் ‘செகண்ட்’ என்று விழுந்ததும் இரண்டாம் இடம் என்று தோன்றும். உண்மையில், ‘எவருக்கும் இரண்டாமவர் இல்லை’, அதாவது முதலிடம். “யுவர் ஒர்க் இஸ் செகண்ட் டு நன்” என்று மேலதிகாரி சொன்னால் முகம் வாட வேண்டாம், தாராளமாக நன்றி சொல்லலாம்.

மீட்டிங்கில் யாராவது “ஐ செகண்ட் தட்” என்றால், ‘நானும் அதை ஆமோதிக்கிறேன்’ என்று பொருள். ‘செகண்ட்-கெஸ்’ செய்வது வேறு. முடிந்துபோன முடிவை, பலன் தெரிந்த பிறகு, ‘அப்பவே அப்படிச் செஞ்சிருக்கலாமே’ என்று குறை சொல்வது. கிரிக்கெட் மேட்ச் முடிந்ததும் வீட்டுக்கு வீடு நடப்பது அதுதான்!

‘புட் டூ அண்ட் டூ டுகெதர்’ என்றால் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் சேர்த்துப் பார்த்து விஷயத்தை ஊகித்துவிடுவது. ‘சிக்ஸ் ஆஃப் ஒன், ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்’ என்றால் ‘ரெண்டும் ஒண்ணுதான், எதை எடுத்தாலும் வித்தியாசமில்லை’ என்று அர்த்தம். ‘கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் ஒரே கல்லில் இரண்டு பறவைகளை அடிக்கிறார்கள், நாம் மாங்காயோடு நிறுத்திக்கொள்கிறோம்.

குழப்பத்துக்கும் ஒரு நம்பர்

வீடு மாறும் நாளில், பொருள் எது எங்கே என்று தெரியாமல் எல்லாம் தாறுமாறாகக் கிடக்குமே, அதுதான் ‘அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்’. ஆளுக்கும் சொல்லலாம், இடத்துக்கும் சொல்லலாம்.

இதற்கு லண்டனில் ஒரு சுவாரஸ்யமான கதை சொல்வார்கள். அங்கே தையல்காரர்கள் சங்கத்துக்கும் தோல் வியாபாரிகள் சங்கத்துக்கும், ஊர்வலத்தில் யார் ஆறாவதாகப் போவது, யார் ஏழாவதாகப் போவது என்று தீராத சண்டை. 1484-ல் லண்டன் மேயர் பஞ்சாயத்து செய்து, வருடத்துக்கு ஒருவராக இடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார். இந்தத் தீர்ப்பு நிஜம். ஆனால், சொற்றொடர் அதிலிருந்து பிறக்கவில்லை. அதற்கு நூறு ஆண்டுகள் முன்னாலேயே கவிஞர் சாசர் இதன் பழைய வடிவத்தைப் பயன்படுத்திவிட்டார். தாய விளையாட்டில் வந்த பேச்சாக இருக்கலாம் என்பதே அறிஞர்களின் கணிப்பு.

‘பேக் டு ஸ்கொயர் ஒன்’ இன்னும் சுலபம். பரமபதத்தில் மேலே மேலே ஏறிப்போய், பாம்பு கொத்தி, கீழே முதல் கட்டத்துக்கே வந்து நிற்பதைக் கற்பனை செய்துகொண்டால் போதும். மூன்று மாதம் உழைத்த ப்ராஜெக்ட்டை ‘முதல்லேருந்து ஆரம்பிங்க’ என்று சொன்னால், அது ‘ஸ்கொயர் ஒன்’.

‘கேட்ச்-22’ என்பதற்கு மட்டும் பிறந்த வருடம் துல்லியமாகத் தெரியும். 1961-ல் ஜோசப் ஹெல்லர் எழுதி வெளிவந்த நாவலின் பெயர் அது. இரண்டாம் உலகப்போரில் குண்டு வீசும் விமானிகளுக்கு ஒரு விதி. புத்தி பேதலித்தவர் பறக்க வேண்டியதில்லை. ஆனால், அதை அவரே கேட்டு வாங்க வேண்டும். ‘உயிருக்கு ஆபத்து, என்னை விட்டுவிடுங்கள்’ என்று கேட்டாலே புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே, அவர் பறந்தே ஆக வேண்டும்! ஹெல்லர் முதலில் வைத்த தலைப்பு ‘கேட்ச்-18’. அதே ஆண்டில் லியோன் யூரிஸின் ‘மிலா 18’ நாவல் வந்ததால், 18-ஐ 22 ஆக்கினார்கள். எந்த எண்ணாக இருந்திருந்தாலும் அர்த்தம் மாறியிருக்காது.

இதற்குத் தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது: ‘பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்.’ இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. படித்து முடித்த பிள்ளைகளுக்கு ‘கேட்ச்-22’ புதிதும் அல்ல. அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம்!

ஒன்பது மேல் ஏன் இவ்வளவு ஆசை?

இங்கிலீஷ் சொற்றொடர்களில் அடிக்கடி வரும் எண்களில் ஒன்பதும் ஒன்று. பூனைக்கு ஒன்பது உயிர், அட்டகாசமாக உடுத்தினால் ‘டிரெஸ்டு டு தி நைன்ஸ்’, சந்தோஷத்தின் உச்சத்தில் இருந்தால் ‘ஆன் க்ளவுட் நைன்’.

இந்த ‘க்ளவுட்’ முதலிலிருந்தே ‘நைன்’ அல்ல. ‘க்ளவுட் செவன்’ என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், ‘எய்ட்’ என்றும் சொன்னார்கள். கடைசியில் நிலைத்தது ஒன்பது.

முழுமையாக, ஒன்றுவிடாமல் என்பதற்கு ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்பது கஜம் என்றதும் மடிசார் ஞாபகம் வரலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் மூலம் பற்றிப் பல கதைகள் உண்டு. துப்பாக்கித் தோட்டா பெல்ட்டின் நீளம் என்பார்கள், கான்கிரீட் லாரியின் கொள்ளளவு என்பார்கள். ஆனால், 1912-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இது ‘ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’ என்று இருக்கிறது. ஆறு கஜமாகவும் புழங்கியது என்றால், ஒன்பதை அளந்து காட்டும் கதைகளை எப்படி நம்புவது?

‘எ ஸ்டிச் இன் டைம் சேவ்ஸ் நைன்’ என்பதில் ஒன்பது ஏன் வந்தது என்று ஊகிக்கலாம். கிழிசல் சின்னதாக இருக்கும்போதே ஒரு தையல் போட்டுவிட்டால், பிறகு ஒன்பது தையல் போட வேண்டியிருக்காது. தாமஸ் ஃபுல்லர் 1732-ல் தொகுத்த பழமொழி நூலிலேயே இது இருக்கிறது. ‘டைம்’, ‘நைன்’ இரண்டும் காதுக்கு ஒத்துப்போகின்றன. எட்டு என்றோ பத்து என்றோ சொன்னால் அந்த ஓசை வராது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டும் வரை விடாதே என்பதும் இதே அறிவுரைதான்.

‘நைன் டேய்ஸ் ஒண்டர்’ என்றால், கொஞ்ச நாள் எல்லோரும் பேசிவிட்டு மறந்துவிடும் பரபரப்பு. இப்போதைய மொழியில் வைரல். 1600-ல் வில் கெம்ப் என்ற நாடக நடிகர், லண்டனிலிருந்து நார்விச் நகரம் வரை ஆடிக்கொண்டே போனார். ஆடியது ஒன்பது நாள். நடுவில் ஓய்வெடுத்த நாள்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை! ஏற்கெனவே வழக்கில் இருந்த இந்தச் சொற்றொடரையே தலைப்பாக வைத்து ஒரு சிறு புத்தகமும் போட்டார். ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் நடித்தவர் அவர்.

தமிழுக்குக் குடிவந்தவை

அரசியல் மேடைகளில் ‘ஐந்தாம் படை’ என்று கேட்டிருப்பீர்கள். கூடவே இருந்து குழிபறிப்பவர்கள். ‘ஃபிஃப்த் காலம்’ என்ற இங்கிலீஷிலிருந்து வந்தது. அதன் பிறப்பிடமோ ஸ்பெயின். 1936-ல் உள்நாட்டுப் போரின்போது மாட்ரிட் நகரை நோக்கி நான்கு படைகள் வருகின்றன, நகரத்துக்குள்ளேயே ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது என்று ஜெனரல் எமிலியோ மோலா பேசியதாகச் சொல்வார்கள். உள்ளே ஒளிந்திருந்த ஆதரவாளர்கள்தான் அந்த ஐந்தாவது.

பத்திரிகைகளை ‘ஜனநாயகத்தின் நான்காவது தூண்’ என்கிறோம். இங்கிலீஷில் ‘ஃபோர்த் எஸ்டேட்’. எண் ஒன்றுதான், கணக்கு வேறு. நம் கணக்கில் மற்ற மூன்று தூண்கள் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. ‘எஸ்டேட்’ என்பதோ பழைய ஐரோப்பாவில் சமூகப் பிரிவைக் குறித்த சொல். மதகுருமார்கள், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகியோர் அந்த மூன்று பிரிவினர்.

இங்கே பிறந்தவை, அங்கே புரியாதவை

‘அவன் சரியான ஃபோர் ட்வென்டி’ என்றால் இந்தியா முழுக்கப் புரியும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு மோசடிக்கானது. அந்தச் சட்டம் 1860-ல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் மோசடிக்கு 318-வது பிரிவு. சட்டத்தில் எண் மாறிவிட்டது, பேச்சில் மாறவில்லை. இதை அமெரிக்க நண்பரிடம் சொன்னால், அவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். அங்கே ‘ஃபோர் ட்வென்டி’ என்றால் கஞ்சா! ஏமாற்றுக்காரரைப் பற்றிப் புகார் சொல்லப்போய், அவர் கஞ்சா பிடிப்பவர் என்று ஆகிவிடும்.

ஒரு சூப்பை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் ‘ஒன் பை டூ’வும் நம்ம ஊர் இங்கிலீஷ்தான். வெளிநாட்டு ஓட்டலில் கேட்டால் சர்வர் விழிப்பார். ‘கேன் வீ ஷேர் ஒன்?’ என்பது பாதுகாப்பு.

‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’ என்பது குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று. குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், அருகில் இருக்கும் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். ‘இது எங்க லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கமான வரிசை எண் போடாமல் பூஜ்ஜியம் என்று பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அங்கே புது எண் கிடைக்கும். ‘ஜீரோ’ என்பதால் மதிப்பில்லாத புகார் என்று நினைத்துவிடக் கூடாது.

சம்பளம் பேசும்போது...

எண் உண்மையிலேயே எண்ணாக இருக்கும் இடமும் உண்டு. அது பணம். ‘சிக்ஸ்-ஃபிகர் சாலரி’ என்றால் ஆறு இலக்கச் சம்பளம், 1,00,000 முதல் 9,99,999 வரை. எந்த நாட்டுப் பணம், மாதத்துக்கா வருடத்துக்கா என்று கேட்காமல் மகிழ்ந்துவிடக் கூடாது. வெளிநாடுகளில் பெரும்பாலும் வருடக் கணக்குதான் பேசுவார்கள். ‘டென் கிராண்ட்’ என்றால் பத்தாயிரம். ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் குத்துமதிப்பான தொகை. அதை உறுதியான விலை என்று எடுத்துக்கொண்டால் பின்னால் சண்டைதான் வரும்.

ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி. இந்தப் பில்லியனும் எண்ணில் மாறியதுதான். பிரிட்டனில் முன்பு ஒரு பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974-ல்தான் அந்நாட்டு அரசு அமெரிக்கக் கணக்குக்கு மாறியது. தாத்தாவின் பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் பில்லியன் வந்தால், அச்சிட்ட வருடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புரியலைன்னா என்ன செய்வது?

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எண்ணோடு ஒரு வாக்கியம் காதில் விழுந்து அர்த்தம் இடறினால் மூன்று விஷயங்கள் போதும். அந்த எண்ணை எண்ணிப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உணர்ச்சி, கணக்கு அல்ல. அடுத்து, தமிழில் இதே சூழ்நிலையில் என்ன சொல்வோம் என்று யோசியுங்கள். பாதிக்கு மேல் விடை அங்கேயே கிடைக்கும். நேரம், தேதி, பணம், மருந்தின் அளவு ஆகிய நான்கில் மட்டும் யோசித்து ஊகிக்கவே வேண்டாம். உடனே கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்கும் சுலபமான வாக்கியம் உண்டு: “சாரி, டூ யூ மீன் செவன் தர்ட்டி?” புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிப்பது பலருக்கும் பழக்கம். ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணம். உண்மையில், லண்டன்காரர் சொல்லும் ‘ஹாஃப் செவன்’ அமெரிக்கர்களையே குழப்பும். இங்கிலீஷே தாய்மொழியாக உள்ளவர்கள் கேட்டுத் தெளியும்போது, நாம் கேட்பதில் என்ன குறை?

குட்டி டெஸ்ட்!

1. “ஷி ஹேட் ஒன் டூ மெனி லாஸ்ட் நைட்.” என்ன நடந்தது?
2. கடையில் ‘பேக்கர்ஸ் டஜன்’ கேட்டால் எத்தனை கிடைக்கும்?
3. “லெட்ஸ் டேக் ஃபைவ்” என்று மீட்டிங்கில் சொன்னால் எதை எடுக்க வேண்டும்?

விடைகள்: 1. நேற்று ராத்திரி அவர் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டார். 2. பதின்மூன்று. ரொட்டியின் எடை குறைந்தால் தண்டனை என்று இடைக்கால இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. அதற்குப் பயந்து பேக்கரிக்காரர்கள் ஒன்று கூடுதலாகக் கொடுத்ததால் வந்தது என்பார்கள். 3. எதையும் எடுக்க வேண்டாம். ஐந்து நிமிட பிரேக், டீ குடித்துவிட்டு வரலாம்!